உடம்பு களைப்பா? கால் விறைப்பா? இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்

பி12 விற்றமின் குறைவும் கொடிய இரத்தசோகையும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பாடம்



நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இங்கே தொண்டராக வேலை செய்யும்போதும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அதை ஒரு பாடமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். அண்மையில் மூன்று பேருக்கு மேல் என்னிடம் சொன்ன முறைப்பாடு இது: "ரீச்சர், ஒரு வேலையும் செய்யேலாமல் கிடக்கு. படி ஏறினால் மூச்சு வாங்குது. கால் விறைக்குது. எல்லாம் யோசனையாலதான் போல."

யோசனை இருக்கும்தான். வழக்கு, வீட்டு வாடகை, ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், நித்திரை இல்லாத இரவுகள் எல்லாம் உடம்பை வாட்டும். ஆனால் எல்லாவற்றையும் யோசனையின் தலையில் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. ஏனென்று சொல்லுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் மகனோடு இருக்கும் ஒரு அம்மா. ஐம்பது வயது கடந்தவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) வந்து சில மாதத்தில் உள்ளங்கால் இரண்டும் விறைக்கத் தொடங்கியது. "செருப்புப் போட்டிருக்கிறேனா இல்லையா எண்டே தெரியேல்லை பிள்ளை" என்றார். குளிருக்காக இருக்கும் என்று மகன் இரண்டு சோடி காலுறை வாங்கிக் கொடுத்தார். ஒரு கிளினிக்கில் மன அழுத்தம் என்று சொல்லி நித்திரைக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். இதற்கிடையில் சட்டத்தரணியிடம் தன் கதையைச் சொல்லும்போது திகதிகளை மாற்றி மாற்றிச் சொன்னார். மகன் கோபித்தார். ஒரு நாள் இருட்டில் படியில் இறங்கும்போது தடுமாறி விழுந்தார். அதன் பிறகுதான் ஒரு சமூக சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த தாதி முதலில் கேட்ட கேள்வி: "உங்களுக்கு எப்போதாவது பி12 பார்த்தார்களா?"

பார்க்கவில்லை. பார்த்தபோது மிகவும் குறைவாக இருந்தது. அந்த அம்மா மீன் சாப்பிடுபவர். அப்படியிருந்தும் ஏன் குறைந்தது என்று மேலும் சோதித்ததில் அவருக்கு இருந்தது "பெர்னிசியஸ் அனீமியா", அதாவது கொடிய இரத்தசோகை. ஊசி தொடங்கினார்கள். இப்போது நன்றாக நடக்கிறார், பேச்சில் தெளிவு வந்துவிட்டது. ஆனால் வலது கால் விரல்களில் விறைப்பு இன்னும் போகவில்லை. ஆறு மாதம் முந்திப் பார்த்திருந்தால் அதுவும் போயிருக்கக்கூடும் என்றார் டொக்டர். இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அந்த ஆறு மாதம்தான் காரணம்.

பி12 என்ன வேலை செய்கிறது?

எங்கள் எலும்பு மச்சையில் சிவப்பு இரத்த அணுக்கள் ஒழுங்காக உருவாகுவதற்கு பி12 விற்றமின் வேண்டும். நரம்புகளுக்கு மேலே ஒரு உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேலே இருக்கும் பிளாஸ்ரிக் போல. அந்த உறையைப் பேணவும் பி12 வேண்டும். குறைந்தால் இரத்தமும் கெடும், நரம்பும் கெடும். சிலருக்கு இரத்தம் கெடாமலே நரம்பு மட்டும் கெடும். ஆகவே "எனக்கு இரத்தம் நல்லாத்தான் இருக்கு எண்டு சொன்னவை" என்பது போதாது.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்கிரோகிராம் பி12 போதும். கர்ப்பிணிகளுக்கு 2.6, பால் கொடுக்கும் தாய்மாருக்கு 2.8. மிகச் சிறிய அளவு. ஈரல் இதைச் சேமித்தும் வைத்திருக்கும். அதனால் சாப்பாட்டில் நின்றுபோனாலும் குறைபாடு வெளியில் தெரிய வருடக்கணக்கில் எடுக்கலாம். முகாமில் அல்லது வழிப்பயணத்தில் தொடங்கிய குறைபாடு ரொறன்ரோவுக்கு வந்தபிறகு தலைகாட்டுவது இதனால்தான்.

குறைவதற்கு இரண்டு வழி

முதலாவது வழி, சாப்பாட்டில் இல்லாமை. பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில். மரக்கறியில் இல்லை. முருங்கையிலையும் கீரையும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றில் பி12 கிடையாது. பழஞ்சோற்றை நம்பியும் இருக்க முடியாது. மரக்கறி மட்டும் உண்பவர்களும், காசு மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் பாணும் பருப்பும் தேத்தண்ணியுமாக இருப்பவர்களும் இந்த வகைக்குள் வரலாம்.

இது அகதிகளுக்கு நடந்த கதை. நேபாளத்து முகாம்களில் பல வருடம் இருந்து அமெரிக்காவுக்குப் போன பூட்டான் அகதிகளிடம் பி12 குறைபாடு அதிகமாக இருப்பதாக 2011 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. முகாம் சாப்பாட்டில் இறைச்சி, முட்டை, பால் குறைவாக இருந்ததே முக்கிய காரணமாகக் கருதப்பட்டது. எங்கள் பக்கத்துக் கதையும் உண்டு. ரொறன்ரோவில் ஒரு கிளினிக்குக்கு வந்த தென்னாசியர்கள் பற்றிய ஆய்வு ஒன்று 2004 இல் கனடியக் குடும்ப வைத்தியர் சஞ்சிகையில் வெளிவந்தது. பி12 குறைவு இவர்களிடையே பரவலாக இருந்ததை அது காட்டியது.

இரண்டாவது வழி, சாப்பிட்டும் உடம்பு உறிஞ்சாமை. இரைப்பையில் ஒரு புரதம் சுரக்கிறது. அது பி12 ஐக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒப்படைக்கும். கொடிய இரத்தசோகையில் உடம்பின் பாதுகாப்புப் படையே தவறுதலாக அந்தப் புரதத்தையும் அதைச் சுரக்கும் கலங்களையும் தாக்குகிறது. கூட்டிக்கொண்டு போக ஆளில்லாததால் பி12 உள்ளே போகாது. எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் பலன் குறைவு. அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

"கொடிய" என்ற பெயர் ஏன்? ஒரு காலத்தில் இந்த நோய் வந்தவர் பிழைப்பதில்லை. 1926 இல் பொஸ்ரன் நகரில் மைனொற், மேர்பி என்ற இரண்டு வைத்தியர்கள் நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். அவர்களுக்கும் விப்பிள் என்பவருக்கும் 1934 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் பி12 என்று 1948 இல் பிரித்தெடுத்தார்கள். இன்று இது ஊசியாலோ குளிசையாலோ அடக்கி வைக்கக்கூடிய நோய். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இது வெள்ளைக்காரரின் நோய் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது பிழை. எல்லா இனத்தவருக்கும் வரும். ஆகவே தமிழர் என்றால் மரக்கறி உண்பவர், அதனால்தான் பி12 குறைவு என்று யாராவது முடிவு கட்டினால், நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

யார் யார் கட்டாயம் கேட்க வேண்டும்?

1. மரக்கறி மட்டும் உண்பவர்கள், நீண்ட காலம் போதிய சாப்பாடு இல்லாமல் இருந்தவர்கள்.
2. சலரோகத்துக்கு மெற்ஃபோமின் குளிசை பல வருடம் எடுப்பவர்கள். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல், பன்ரொப்ரசோல் போன்றவற்றை நீண்ட காலம் எடுப்பவர்கள். இவை பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். டொக்டரிடம் சொல்லுங்கள்.
3. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள்.
4. தைரொயிட் வருத்தம், தோலில் வெண்புள்ளி, முதலாம் வகைச் சலரோகம் உள்ளவர்கள். குடும்பத்தில் யாருக்காவது கொடிய இரத்தசோகை இருந்தவர்கள்.
5. இரைப்பையில் அல்லது குடலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள். காயப்பட்டுக் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களும் இதில் அடக்கம். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.
6. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார். தாயிடம் பி12 இல்லாவிட்டால் பாலிலும் இராது. குழந்தை சோர்ந்து, வளர்ச்சி பின்தங்கும். இது அவசரமான விடயம்.

அறிகுறிகள்

களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, முகமும் கண்ணிமையின் உட்பக்கமும் வெளிறுதல். நாக்கு சிவந்து, வழுவழுப்பாகி, புளி உறைப்புப் பட்டால் எரிதல். கை காலில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம். மறதி, கவனக்குறைவு, எரிச்சல், மனச்சோர்வு.

கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள். மறதியும் மனச்சோர்வும் போரையும் சிறையையும் கண்டவர்களுக்கு மனக்காயத்தாலும் வரும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஆகவே மனநல உதவி எடுப்பவர்கள் அதைத் தொடருங்கள். அதோடு இரத்தத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நெஞ்சுநோ, மயக்கம், இருந்தபடியே மூச்சு முட்டுதல், திடீரெனக் கால் இயங்காமை என்றால் காத்திருக்க வேண்டாம். 911 ஐ அழையுங்கள்.

"நான் மெடிக்கல் செய்தனான்தானே?"

இது அடிக்கடி வரும் குழப்பம். குடிவரவுக்காக நீங்கள் செய்த மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், சில தொற்றுநோய்களுக்கான இரத்தப் பரிசோதனை என்பவை இருக்கும். பி12 பார்ப்பதில்லை. அந்த டொக்டர் உங்கள் குடும்ப வைத்தியரும் அல்ல. அது குடிவரவுத் திணைக்களத்துக்கான சோதனை. உங்கள் உடம்புக்கான சோதனையை வேறாகச் செய்ய வேண்டும்.

எங்கே போவது? காசு யார் கட்டுவது?

அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு இடைக்கால சமஷ்டி சுகாதாரத் திட்டம் உண்டு. இங்கே எல்லோரும் ஐ.எஃப்.எச்.பி. என்பார்கள். உங்கள் படம் உள்ள அகதிக் கோரிக்கையாளர் பத்திரம்தான் அதற்கான அட்டை. அது கைக்கு வருமுன் தரும், கோரிக்கை கிடைத்ததென்று அறிவிக்கும் கடிதமும் செல்லும். டொக்டரைப் பார்ப்பதும், அவர் எழுதும் இரத்தப் பரிசோதனையும் இதில் அடங்கும். மருந்துக்கு உங்கள் பங்காக ஏதும் கட்ட வேண்டுமா என்று மருந்துக்கடையில் முன்கூட்டியே கேளுங்கள். இந்தத் திட்டத்தின் விதிகள் மாறுவதுண்டு. 2012 இல் பெரிதாக வெட்டினார்கள், 2016 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். ஆகவே போன வருடம் வந்தவர் சொன்னதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

எல்லா டொக்டர்மாரும் இந்தத் திட்டத்தில் பதிந்திருப்பதில்லை. போகுமுன் ரெலிபோனில் கேளுங்கள். ஒரு இடத்தில் இல்லை என்றால் உங்களுக்கு உரிமை இல்லை என்று அர்த்தமல்ல. அவர்கள் பதியவில்லை என்பதே அர்த்தம். அடுத்த இடத்துக்குப் போங்கள்.

சமூக சுகாதார நிலையங்கள் நல்ல இடம். ஸ்காபரோ மல்வேர்னில் தைபு சமூக சுகாதார நிலையம் இருக்கிறது. அக்செஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு புதிதாக வந்தவர்களுக்காகவே வேலை செய்கிறது. நகர மத்தியில் விமன்ஸ் கொலிஜ் ஆஸ்பத்திரியில் அகதிகளுக்கான குரொஸ்ரோட்ஸ் கிளினிக் 2011 இலிருந்து நடக்கிறது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட எது என்று அறிய 211 ஐ அழைக்கலாம். தாதி ஒருவரிடம் ஆலோசனை கேட்க 811 ஐ எந்த நேரமும் அழைக்கலாம். பேசத் தொடங்கும்போதே "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவதைக் கூடிய மட்டும் தவிருங்கள். தாயின் வருத்தத்தைப் பத்து வயதுப் பிள்ளை டொக்டரிடம் சொல்வது பிள்ளைக்கும் பாரம். பிள்ளையின் முன்னால் நீங்களும் பாதியை மறைப்பீர்கள்.

சொல்லிப் பழக வேண்டிய வசனங்கள்

இதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள்.

"டூ யூ அக்செப்ற் ஐ.எஃப்.எச்.பி.?" – எனது காப்புறுதியை எடுப்பீர்களா?
"ஐ நீட் எ தமிழ் இன்ரப்பிரற்றர், பிளீஸ்." – எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
"மை ஃபீற் ஆர் நம்." – என் பாதம் விறைக்கிறது.
"ஐ ஆம் ரயர்ட் ஓல் த ரைம்." – எனக்கு எந்நேரமும் களைப்பு.
"ஐ டோன்ற் ஈற் மீற் ஓர் ஃபிஷ்." – நான் மச்சம் சாப்பிடுவதில்லை.
"குட் யூ செக் மை பி ருவெல்வ் அன்ட் ஐயன்?" – என் பி12 உம் இரும்பும் பார்ப்பீர்களா?

டொக்டரிடம் போகும்போது "சுகமில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் மூன்று விடயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, என்ன செய்ய முடியாமல் இருக்கிறது. "இரண்டு மாதமாக இரண்டு உள்ளங்காலும் விறைப்பு, இருட்டில் நடக்க ஏலாது" என்றால் டொக்டருக்கு வழி தெரியும். ஊரிலிருந்து கொண்டு வந்த மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு வைத்தியர் தந்ததும் சேர்த்துத்தான்.

என்ன பரிசோதனைகள்?

டொக்டர் ஒரு படிவம் தருவார். அதைக் கொண்டு லைஃப்லாப்ஸ், டைனாகேர் போன்ற இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். உங்கள் பத்திரத்தையும் கொண்டு போங்கள். கையில் இருந்து சிறு குழாய்களில் இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

வழமையாகப் பார்ப்பவை: முழு இரத்த எண்ணிக்கை, பி12 அளவு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின். தேவைப்பட்டால் போலேற், தைரொயிட் என்பவையும். பி12 இரண்டுங்கெட்டான் அளவில் இருந்தால் மெதைல்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை செய்யலாம். கொடிய இரத்தசோகையா என்று அறிய, அந்தக் கூட்டிக்கொண்டு போகும் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் நோய் அநேகமாக உறுதி. இல்லையென்றால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நோய் உள்ள பலரிடமும் அது தெரியாமல் போகும். மீன் முட்டை பால் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பி12 குறைவு என்றால் "வை இஸ் இற் லோ?" ஏன் குறைந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி முக்கியம்.

முக்கிய எச்சரிக்கை: சோதனைக்கு முன் கடையில் பி12 குளிசை வாங்கிப் போட வேண்டாம். போட்டால் இரத்தத்தில் அளவு கூடிக் காட்டும், உண்மை மறைந்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடி, நகத்துக்கென்று விற்கும் பயோற்றின் குளிசையும் சில பரிசோதனைகளைக் குழப்பும். அதையும் சொல்லுங்கள். ஆனால் விறைப்பும் தள்ளாட்டமும் உள்ளவருக்கு இரத்தம் எடுத்த பிறகு முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. உடனே வைத்தியம் தொடங்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

இது கணக்குப் பாடம். ஊரில் ஹீமோகுளோபின் 12 என்று எழுதுவார்கள். இங்கே அதையே 120 என்று எழுதுவார்கள். அளவு மாறவில்லை, அலகுதான் மாறுகிறது. 95 என்று கண்டு "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, நல்ல புள்ளி" என்று சந்தோசப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது ஊர்க்கணக்கில் 9.5, அதாவது இரத்தசோகை. பெண்களுக்கு 120 க்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 110 க்குக் கீழும், ஆண்களுக்கு 130 க்குக் கீழும் போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

பி12 உம் அப்படித்தான். இலங்கை, இந்திய ரிப்போர்ட்டுகளில் பிக்கோகிராமில் இருக்கும். இங்கே பிக்கோமோலில் தருவார்கள். ஊர் எண்ணை 0.74 ஆல் பெருக்கினால் இங்கத்தைய எண் வரும். அங்கே 200 என்றால் இங்கே 148. பொதுவாக இங்கத்தைய அளவில் 150 க்குக் கீழ் குறைபாடு, 150 இலிருந்து 220 வரை சந்தேகத்துக்குரியது. கூடத்துக்குக் கூடம் சிறிது வித்தியாசம் இருக்கும். ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள்.

இன்னொரு எண் சிவப்பணுவின் பருமன். 80 இலிருந்து 100 வரை சாதாரணம். பி12 அல்லது போலேற் குறைந்தால் அணு பெருக்கும். இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் ஒன்றையொன்று சமப்படுத்தி, பருமன் சரி போலக் காட்டும். ஆகவே ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அணு சிறுத்திருப்பது பரம்பரையாக வரும் தலசீமியா சுவட்டாலும் இருக்கலாம். எங்கள் நாடுகளில் அது உண்டு. அப்படியானவருக்கு இரும்புக் குளிசை பயன் தராமல் போகலாம். அதனால் இரும்பையும் சோதிக்காமல் விழுங்காதீர்கள்.

ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். நீங்கள் வீடு மாறுவீர்கள், டொக்டர் மாறுவார். காகிதம் உங்களோடு இருக்கட்டும். "அழைப்பு வராவிட்டால் ஒன்றுமில்லை" என்று இருக்க வேண்டாம். பத்து நாளில் நீங்களே அழைத்துக் கேளுங்கள். ரெலிபோன் இலக்கம் மாறினால் கிளினிக்குக்கு அறிவியுங்கள்.

வைத்தியம்

பி12 ஊசி 1000 மைக்கிரோகிராம் தசையில் போடுவார்கள். தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு பொதுவாக மாதம் ஒரு முறை. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஊசியில்தான் தொடங்குவார்கள். சிலருக்கு அதே அளவு கூடிய குளிசை போதும். உறிஞ்சாத வயிற்றுக்குக் குளிசை எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். கூட்டிக்கொண்டு போக ஆளில்லாவிட்டாலும் நூற்றில் ஒரு பங்களவு தானாகவே உள்ளே போகும். ஆயிரத்தில் நூற்றில் ஒன்று பத்து. எங்களுக்குத் தேவை 2.4 தானே.

களைப்பு சில வாரங்களில் குறையும். நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதக்கணக்கில் எடுக்கும். சுகம் வந்தவுடன் ஊசியை விட்டுவிட வேண்டாம். கொடிய இரத்தசோகைக்கு வைத்தியம் ஆயுள் முழுவதும். உணவால் வந்த குறைபாடு என்றால் உணவு திருந்தியபின் எப்போது நிறுத்தலாம் என்று டொக்டர் சொல்லுவார்.

சாப்பாடும் ஒரு எச்சரிக்கையும்

ஒரு கோப்பை பாலில் ஏறக்குறைய 1.2 மைக்கிரோகிராம், ஒரு முட்டையில் ஏறக்குறைய 0.5 மைக்கிரோகிராம் பி12 இருக்கிறது. ரின் மீன், நெத்தலி, ஈரல் எல்லாம் நல்லவை, விலையும் குறைவு. உணவு வங்கியில் ரின் மீன் கிடைத்தால் விட்டுவிட்டு வர வேண்டாம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிருங்கள், அதில் விற்றமின் ஏ மிக அதிகம். பாலும் தொடாதவர்கள் பி12 சேர்த்த சோயாப் பாலை லேபிளைப் பார்த்து வாங்கலாம், அல்லது டொக்டர் சொல்லும் குளிசையைத் தொடரலாம்.

எங்கள் வீடுகளில் களைப்பென்றால் மாமைற் கரைத்துக் குடிப்பது வழக்கம். அதற்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்குப் போய், ஆலைத் தொழிலாளர்களாக இருந்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். மாமைற் கொடுக்க அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள்தான் பின்னர் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. ஆனால் போலிக் அமிலம் பி12 இன் இடத்தை நிரப்பாது. பி12 இல்லாதவர் போலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை திருந்தியது போலத் தெரியும், நரம்பு உள்ளே தொடர்ந்து கெடும். கனடாவில் 1998 இலிருந்து வெள்ளை மாவில் போலிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆகவே பாண் சாப்பிடும் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. கர்ப்பிணிகள் தங்களுக்குத் தந்த போலிக் அமிலத்தை நிறுத்த வேண்டாம். பி12 ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்பு குறைந்தவர்கள் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

விற்றமின் டி பற்றி

ரொறன்ரோவின் குளிர்கால வெயிலில் எங்கள் தோல் விற்றமின் டி தயாரிப்பது மிகக் குறைவு. தோல் கறுப்பாக இருந்தால் இன்னும் குறைவு. ஆனால் இதற்கான பரிசோதனையை ஒன்ராறியோ 2010 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகச் செய்வதில்லை. எலும்புத் தேய்வு, சிறுநீரக வருத்தம், உணவு உறிஞ்சாமை போன்ற காரணம் வேண்டும். காசு கட்டிச் சோதிக்க முன், சோதனை இல்லாமலே குளிசை எடுக்கலாமா என்று கேளுங்கள். வளர்ந்தவர்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு 600 அலகு. எல்லாவற்றோடும் சேர்த்து 4000 ஐத் தாண்டக்கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு துளி மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறது கனடிய சுகாதாரத் திணைக்களம்.

"இது என்ர கேசைப் பாதிக்குமா?"

இல்லை. இரத்தசோகை இருக்கிறது என்று யாருடைய அகதிக் கோரிக்கையும் மறுக்கப்படுவதில்லை. உங்களுக்குப் பாதுகாப்புத் தேவையா என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் மருத்துவ விபரங்களைக் காப்பது ஒன்ராறியோவில் 2004 ஆம் ஆண்டின் சட்டப்படி டொக்டரின் கடமை.

மாறாக, சோதிக்காமல் விடுவதுதான் வழக்கைப் பாதிக்கக்கூடும். விசாரணையில் திகதியும் இடமும் கேட்பார்கள். மறதியால் தடுமாறினால் பொய் சொல்வதாக நினைக்கலாம். அந்த அம்மாவுக்கு டொக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சட்டத்தரணி அதைக் குடிவரவு அகதிகள் சபைக்கு முன்கூட்டியே அனுப்பினார். இடையில் ஓய்வு கொடுப்பது, கேள்வியை மெதுவாகக் கேட்பது போன்ற ஒழுங்குகளைக் கேட்க இடமுண்டு. உங்களுக்கும் இப்படி இருந்தால் விசாரணை நாள் வரை காத்திராமல் இப்போதே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டதும் ஓஹிப் அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். ஊசி நிற்காமல் தொடர அது வேண்டும்.

வீட்டுப்பாடம்

1. மேலே உள்ள அறிகுறிகளில் உங்களுக்கு உள்ளவற்றைத் திகதியோடு எழுதுங்கள்.
2. மருந்துகளை ஒரு பையில் சேருங்கள்.
3. ஐ.எஃப்.எச்.பி. எடுக்கும் இடமொன்றை ரெலிபோனில் கேட்டு நேரம் எடுங்கள்.
4. சோதனை முடியும்வரை கடைக் குளிசை வேண்டாம்.
5. ரிப்போர்ட்டின் பிரதியை வாங்கிக் கோவையில் வையுங்கள்.

இந்தப் பாடம் டொக்டருக்குப் பதிலல்ல. டொக்டரிடம் போய் என்ன கேட்பது என்பதற்கு ஒரு கைவிளக்கு மட்டுமே. ரெலிபோன் எடுக்கக் கூச்சமாக இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். பக்கத்தில் இருந்து, நீங்கள் பேசும்வரை பொறுத்திருப்போம். முதல் தடவைதான் கஷ்டம்.

வீட்டில் ஒரு அம்மாவோ அப்பாவோ மூலையில் இருந்து காலைத் தேய்த்துக்கொண்டு "ஒண்டுமில்லை தம்பி" என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். கூட்டிக்கொண்டு போங்கள்.